கேம்பஸ் கச்சேரி: மல்லாட்டையா... மாங்கோ ஃப்ளேவரா?

எங்க ஹாஸ்டல் ரூம்ல மொத்தம் மூணு பேர். போன மாசத்துலேர்ந்து நாலாவதா ஒருத்தர் வந்து செட்டில் ஆகியிருக்கார். கன்னங்கரேல்னு கலர், உருண்டு திரண்ட உடம்பு, தலையில தங்கக் கலர் மூடி. ஜன்னலோரத்துல சாமி படத்துக்குப் பக்கத்துலயே அவருக்கு ஸ்பெஷல் ஸீட். யாராச்சும் தொட்டா போச்சு... நம்ம ரூம்மேட் சாமியாடிடுவான். பின்னே... அவரோட விலை 1,800 ரூபாய் ஆச்சே!

யெஸ் பாஸ்... பி.சி.ஏ.ஏ. டப்பா. மாங்கோ ஃப்ளேவர்!

ரூம்மேட்டோட ஊர், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல இருக்கிற ஒரு மணல் பூமி. அப்பாவுக்கு ஒண்ணரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை. (மல்லாட்டைன்னா வேர்க்கடலைங்க. மணிலாக் கொட்டைங்கிறது எங்க ஏரியா வாயில தேய்ஞ்சு தேய்ஞ்சு மல்லாட்டை ஆயிடுச்சு!) பையன் கபடியில ரைடர். பொங்கலுக்கு டியூப்லைட் கட்டி விடிய விடிய நடக்கிற ஊர் மேட்ச்ல அவன் பாடிக்கிட்டுக் கோட்டைத் தாண்டினா, எதிர் டீம்ல நாலு பேர் பின்னாடி நகர்வாங்க. அடுத்த மாசம் டீம் செலக்‌ஷன். அதுல தேறினா சர்ட்டிஃபிகேட், சர்ட்டிஃபிகேட் இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டா, ஸ்போர்ட்ஸ் கோட்டான்னா வேலைன்னு அவன் வீட்டுல எல்லோரும் வரிசையா கனவு கண்டு வெச்சிருக்காங்க. அரியர் நாலு இருக்கிறவனுக்கு அந்தக் கனவு எவ்வளவு முக்கியம்னு அரியர் வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்!

'மசில் ஏறணும்னா இதை அடி தம்பி'ன்னு ஜிம்முல ஒரு அண்ணன் சொல்ல, இவனும் வாங்கிட்டான். நான் முதல்ல கண்டுக்கலை. 'அவனவன் செல்போனுக்குச் செலவு பண்றான், இவன் செல்லுக்குச் செலவு பண்றான்'னு மொக்கை போட்டுட்டு விட்டுட்டேன்.

ஆனா, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. தினமும் காலையில ரெண்டு அவிச்ச முட்டை சாப்பிடுறவன், சாப்பிடலை. சாயந்திரம் டீக்கடையில ஒரு டம்ளர் பால், ஒரு பொட்டலம் கொண்டைக்கடலைச் சுண்டல்... ரெண்டும் கட்!

"ஏன்டா, விரதமா?"

"இல்ல மச்சான். டப்பா முப்பது நாளைக்கு வரும். அப்போ ஒரு நாளைக்கு 60 ரூபா. அதை எங்கேயாச்சும் மிச்சம் பிடிக்கணும்ல? முட்டை ரெண்டு 20, பால் 20, சுண்டல் 20. கணக்கு டேலி!"

டேலிதான். ஆனா, எனக்குத் தூக்கம் போயிடுச்சு. கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்கு 'மாஸ் பேலன்ஸ்'னு ஒரு பேப்பர் உண்டு. உள்ளே எவ்வளவு போச்சு, வெளியே எவ்வளவு வந்துச்சு, மிச்சம் எவ்வளவு தங்குச்சுன்னு கணக்குப் போடுறது. பரீட்சையில அதுல நான் கோட்டை விட்டிருக்கேன். ஆனா, ரூம்மேட் விஷயத்துல விட மனசு வரலை. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குதான் இந்த வாரக் கச்சேரி!

உண்டிவில் கெமிஸ்ட்ரி!

புரதம்ங்கிறது ஒரு நீள மாலை. அதுல கோத்திருக்கிற பூக்கள்தான் அமினோ அமிலங்கள். நம்ம உடம்புப் புரதத்துல மொத்தம் 20 வகைப் பூ. அதுல 9 வகையை நம்ம உடம்பால சொந்தமா தயாரிக்க முடியாது. சாப்பாட்டுல இருந்துதான் வந்தாகணும். அந்த 9 பேர்ல 3 பேர்தான் நம்ம டப்பாவுக்குள்ள இருக்கிறவங்க. லூசின், ஐசோலூசின், வாலின்.

'கிளைச் சங்கிலி அமினோ அமிலங்கள்'னு ஏன் பேரு? சின்ன வயசுல ஓணான் அடிக்கிற உண்டிவில் செஞ்சிருப்பீங்களே... அதை நினைச்சுக்குங்க. வாலினோட கார்பன் சங்கிலி குட்டைப் பிடி வெச்ச உண்டிவில். லூசின், பிடி கொஞ்சம் நீளமான உண்டிவில். ஐசோலூசின், ஒரு கை மட்டும் நீண்டு போன கோணல் உண்டிவில். அவ்வளவுதான் மேட்டர்!

இவங்க ஒண்ணும் புதுமுகம் இல்லை. லூசினை 1819-ல பிரான்ஸ்ல ப்ரூஸ்ட்ங்கிற வேதியியலாளர் பாலாடைக்கட்டியில இருந்து எடுத்தார். அடுத்த வருஷமே ப்ராகொனோ என்பவர் தசையில இருந்தும் கம்பளி ரோமத்துல இருந்தும் பிரிச்சு, வெள்ளை வெளேர்னு இருந்ததால கிரேக்க மொழியில வெள்ளைங்கிற அர்த்தத்துல பேரும் வெச்சுட்டார். ஆக, ஜிம்முங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆள் ஃபேமஸ்!

இவங்ககிட்ட ஒரு தனித்தன்மை உண்டு. மத்த அமினோ அமிலங்களைப் பெரும்பாலும் கல்லீரல்தான் உடைக்கும். இந்த மூணு பேருக்கும் முதல் கட்ட வேலை முக்கியமா தசையிலயே நடக்கும். 'நேரா மசிலுக்குப் போகும் தம்பி'ன்னு ஜிம் அண்ணன் சொல்றது இதை வெச்சுத்தான். அதுல பொய் இல்லை. ஆனா, போய் என்ன பண்ணுதுங்கிறதுலதான் கதையே இருக்கு.

மேஸ்திரி ரெடி... செங்கல் எங்கே?

மூணு பேர்ல ஹீரோ லூசின்தான். அது தசைக்குள்ள போனதும் 'எம்டார்'ங்கிற ஒரு ஸ்விட்ச்சைப் போடும். 'வேலையை ஆரம்பிங்கப்பா'ன்னு சிக்னல். வீடு கட்டுற இடத்துல மேஸ்திரி விசில் அடிக்கிற மாதிரி. இது நிரூபணமான விஷயம்.

ஆனா பாஸ்... மேஸ்திரி மட்டும் வந்தா வீடு எழும்புமா? செங்கல், மணல், சிமென்ட் எல்லாம் வரணும்ல? தசைப் புரதம் கட்ட 9 அத்தியாவசிய அமினோ அமிலங்களும் வேணும். டப்பாவுல இருக்கிறது 3. மீதி 6? வயித்துல சாப்பாடு இல்லைன்னா, உடம்பு ஏற்கெனவே இருக்கிற தசையை உடைச்சுத்தான் அந்த ஆறையும் எடுக்கும். மாடி கட்ட, கீழ் வீட்டுச் சுவத்தை இடிச்சுச் செங்கல் எடுக்கிற கதை!

இதை நானா சொல்லலை. அமெரிக்காவில் பல வருஷம் இதையே ஆராய்ச்சி செய்த ராபர்ட் வுல்ஃப், 2017-ல் ஒரு கட்டுரை எழுதினார். பி.சி.ஏ.ஏ.-வை மட்டும் வாய்வழியா கொடுத்து, மனிதர்களிடம் தசைப் புரத உற்பத்தி கூடுதான்னு அளந்த ஆய்வையே அவரால கண்டுபிடிக்க முடியலை. ரத்தக்குழாய் வழியா ஏத்திப் பார்த்த ரெண்டு ஆய்வுகள் கிடைச்சுது. ரெண்டுலயும் உற்பத்தி கூடலை, குறைஞ்சிருந்தது! 'இதை மட்டும் சாப்பிட்டா தசை வளரும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்லை'ங்கிறதுதான் அவரோட முடிவு.

அதே 2017-ல் பிரிட்டன்ல இன்னொரு ஆய்வு வந்தது. எடைப் பயிற்சி செஞ்சு பழகின இளைஞர்களுக்கு, கால் எக்சர்சைஸ் முடிச்சதும் 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. கொடுத்தாங்க. வெறும் சுவைத் தண்ணி குடிச்சப்போ இருந்ததைவிட தசைப் புரத உற்பத்தி 22 சதவிகிதம் கூடியிருந்துச்சு. 'பார்த்தியா!'ன்னு ரூம்மேட் குதிச்சான். "பொறுடா... அடுத்த வரியைப் படி"ன்னேன். கிட்டத்தட்ட அதே அளவு பி.சி.ஏ.ஏ. இருக்கிற முழுமையான வே புரதம் கொடுத்தப்போ முன்பு கிடைச்ச பலன்ல இது ஏறக்குறைய பாதிதான்னு அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்காங்க. அதாவது, மேஸ்திரி தனியா வந்தா அரைகுறை வேலை. செங்கல் லாரியோட வந்தா முழு வேலை!

உலகத்துல விளையாட்டு வீரர்களுக்கான சப்ளிமென்ட்டுகளுக்கு ஏ, பி, சி, டி-ன்னு நாலு கிளாஸ் பிரிச்சு ரேங்க் போடுறது ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம். காபியில இருக்கிற கஃபீன், க்ரியேட்டின் எல்லாம் அங்கே 'ஏ' செக்‌ஷன். நம்ம பி.சி.ஏ.ஏ.? 'சி' செக்‌ஷன். விளையாட்டு வீரர்களுக்குப் பலன் இருக்குன்னு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லாத பெஞ்ச். நம்ம பெஞ்ச்தான்!

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும். கடுமையான பயிற்சிக்கு மறுநாள் வர்ற தசை வலி கொஞ்சம் குறையுதுன்னு சில ஆய்வுகள் சொல்லுது. கல்லீரல் சுருங்கின நோயாளிகளுக்கு இதே பி.சி.ஏ.ஏ.-வை ஜப்பானில் பல வருஷமா டாக்டர்கள் மருந்தாவே கொடுக்கிறாங்க. ஆக, சரக்கு டுபாக்கூர் இல்லை. கல்லீரல் வார்டுக்குப் போக வேண்டியது, எங்க ஹாஸ்டல் ஜன்னலுக்கு வந்ததுதான் பிரச்னை.

அதேபோல, இந்த மூணையும் உடைக்கவே முடியாத அபூர்வமான பிறவிக் குறைபாடும் உண்டு. அவங்களுக்கு இது விஷம் மாதிரி. சிறுநீரகம், கல்லீரல்னு ஏதாச்சும் கோளாறு இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம எந்த டப்பாவையும் திறக்கக் கூடாது.

தண்ணியில மிதக்கும் பவுடர்!

ஒரு நாள் ரூம்மேட் தூங்கும்போது அரை ஸ்பூன் திருடி டம்ளர்ல கலக்கிப் பார்த்தேன். (ஸாரி மச்சான், இதைப் படிச்சுட்டு அடிக்காதே!) அழகா கரைஞ்சிடுச்சு. அதுவும் ஒரு டெக்னிக்தான். லூசினுக்குத் தண்ணின்னா அலர்ஜி. தூளாப் போட்டா மேலேயே மிதக்கும். வாயில வெச்சா கசப்பு வேற. அதனால லெசித்தின் பூசிக் கரைய வைப்பாங்க. கசப்பை மறைக்கத்தான் மாங்கோ, தர்பூசணி, ப்ளூபெர்ரி ஃப்ளேவர் எல்லாம்.

இது ஃபேக்டரியில எப்படித் தயாராகுதுன்னு கேட்டா, நம்ம பாட்டி மாவு புளிக்க வைக்கிற கதைதான். 1950-கள்ல ஜப்பானில் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சாங்க. பேரு கொரினிபாக்டீரியம் க்ளூட்டாமிக்கம். சர்க்கரையைக் கொடுத்தா அமினோ அமிலமாக் கக்கும். இன்னிக்குப் பெரிய பெரிய தொட்டிகள்ல அதோட வகையறாக்களை வெச்சுத்தான் லூசினும் வாலினும் தயாராகுது. இன்னொரு வழியும் இருக்கு. பறவை இறகு, முடி இதையெல்லாம் அமிலத்துல வேகவெச்சுப் பிரிச்சு எடுக்கிறது. கிடைக்கிற மூலக்கூறு ரெண்டு வழியிலயும் ஒண்ணுதான். இருந்தாலும், கார்த்திகை மாசம் மாலை போட்டுக்கிட்டு ஸ்கூப் அடிக்கிற சைவ நண்பர்கள் டப்பாவுல பச்சைப் புள்ளி இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கிறது நல்லது!

நைட்ரஜன் கோல்மால்!

"சரிடா, இது காலியானதும் புரோட்டீன் டப்பாவே வாங்கிடுறேன்"னான் ரூம்மேட். இங்கேதான் இன்னொரு பள்ளம்.

ஒரு பவுடர்ல எவ்வளவு புரதம் இருக்குன்னு எப்படி அளக்கிறாங்க? டென்மார்க்கில் 1883-ல் கெல்டால் என்பவர் கண்டுபிடிச்ச முறை இன்னிக்கும் லேப்கள்ல ஓடுது. அது புரதத்தை நேரா அளக்காது. நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கும். நைட்ரஜன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. 2008-ல் சீனாவில் பாலில் மெலமின் கலந்து, நைட்ரஜனைக் கூட்டிக் காட்டி, குழந்தைகளோட உயிரையே பறிச்ச கொடுமை இந்த ஓட்டை வழியாத்தான் நடந்தது. அதே ஓட்டையில, விலை குறைவான க்ளைசின் மாதிரி தனி அமினோ அமிலங்களைப் புரோட்டீன் பவுடர்ல தூவி 'புரதம் அதிகம்'னு காட்டுறதும் நடக்குது.

சும்மா பயமுறுத்தலை. கேரளாவைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியக் அபி ஃபிலிப்ஸ் குழு, இந்தியாவில் விற்கிற 36 புரதப் பவுடர்களை வாங்கி, லேப்ல சோதிச்சு 2024-ல் முடிவை வெளியிட்டாங்க. ஏறக்குறைய 70 சதவிகிதம் டப்பாக்கள்ல, லேபிள்ல போட்ட புரதக் கணக்கும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகலை. சிலதுல பூஞ்சை நச்சுகூட இருந்தது. காசு கொடுத்து நச்சு வாங்கிக் குடிக்கிறதுக்கு நாம என்ன நீலகண்டனா?

மாட்டினா யார் பொறுப்பு?

இதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்த ஏரியா. பி.சி.ஏ.ஏ. தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. யார் வேணும்னாலும் சாப்பிடலாம். ஆனா, டப்பாவுக்குள்ள அது மட்டும்தான் இருக்கா?

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உதவியோட, 13 நாடுகள்ல வாங்கின 634 சப்ளிமென்ட்டுகளை ஜெர்மனியின் கொலோன் லேப்ல சோதிச்சு, 2004-ல் முடிவு சொன்னாங்க. அதுல 94 டப்பாக்கள்ல லேபிள்லயே இல்லாத ஹார்மோன் சரக்கு இருந்தது. ஏறக்குறைய ஏழுக்கு ஒண்ணு!

நம்ம நாட்டுக் கதையைக் கேளுங்க. 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டி, குவாங்சோ ஆசியப் போட்டி ரெண்டுலயும் 4x400 ரிலேவில் தங்கம் வாங்கி நாட்டையே துள்ள வெச்சது நம்ம பெண்கள் டீம். 2011-ல் அந்த டீமைச் சேர்ந்த அஸ்வினி அக்குஞ்சி, சினி ஜோஸ், மன்தீப் கவுர் உட்பட பல வீராங்கனைகள் ஊக்கமருந்து சோதனையில சிக்கினாங்க. 'கோச் கொடுத்த ஜின்செங் சப்ளிமென்ட்டைத்தான் சாப்பிட்டோம், அதுலதான் கலந்திருக்கு'ன்னாங்க. உக்ரைன் நாட்டு கோச் யூரி ஒகரோத்னிக் நீக்கப்பட்டார். விசாரணைக் குழு அவங்க சொன்னதைக் காதுல வாங்கி ஒரு வருஷத் தடையோட நிறுத்துச்சு. ஆனா, சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2012-ல் அதை ரெண்டு வருஷமாக்கிடுச்சு. லண்டன் ஒலிம்பிக் போச்சு!

விதி ரொம்ப சிம்பிள், ரொம்பக் கொடூரம். 'உன் உடம்புல என்ன இருக்கோ, அதுக்கு நீதான் பொறுப்பு.' தெரியாது, கோச் கொடுத்தார், ஜிம் அண்ணன் சொன்னார், டப்பாவுல போடலை... எதுவும் முழுசா காப்பாத்தாது. 2022-லயே இதுக்குத் தனிச் சட்டமும் வந்தாச்சு. 2023 செப்டம்பர்ல டெல்லி மாநில தடகளப் போட்டியில, சோதனை அதிகாரிகள் வந்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு எஸ்கேப் ஆகி, ஆண்கள் 100 மீட்டர் ஃபைனல்ல ஒரே ஒருத்தர் தனியா ஓடின காமெடி ஞாபகம் இருக்கா? படிச்சப்போ சிரிச்சேன். ரூம்மேட்டை நினைச்சதும் சிரிப்பு வரலை. அந்த ஒண்ணரை ஏக்கர் கொல்லைக்கு, ஒரு சர்ட்டிஃபிகேட் மட்டும்தான் நம்பிக்கை.

மெஸ் கணக்கு!

இப்போ மாஸ் பேலன்ஸுக்கு வருவோம். ரூம்மேட் எடை 65 கிலோ. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு லூசின் 39, ஐசோலூசின் 20, வாலின் 26 மில்லிகிராம் போதும். கூட்டினா 85. அப்போ 65 கிலோவுக்கு ஏறக்குறைய 5.5 கிராம்.

அவன் பழைய மெனுவை எடுத்து ஒவ்வொண்ணா எழுதினேன். எல்லாம் தோராயக் கணக்குதான்.

ரெண்டு முட்டை: புரதம் 12 கிராம், அதுல பி.சி.ஏ.ஏ. 2.6 கிராம்.
ஒரு டம்ளர் பால்: புரதம் 6.5, பி.சி.ஏ.ஏ. 1.3.
சுண்டல் 100 கிராம்: புரதம் 9, பி.சி.ஏ.ஏ. 1.4.
மெஸ் சோறு, நாள் முழுக்க 600 கிராம்: புரதம் 16, பி.சி.ஏ.ஏ. 3.
சாம்பார், கூட்டுல போற பருப்பு 50 கிராம்: புரதம் 11, பி.சி.ஏ.ஏ. 1.6.
ஊர்லேர்ந்து கொண்டு வர்ற மல்லாட்டை ரெண்டு கைப்பிடி, 50 கிராம்: புரதம் 12, பி.சி.ஏ.ஏ. 1.8.

மொத்தம் பி.சி.ஏ.ஏ. 11.7 கிராம். தேவையைப் போல ரெண்டு மடங்கு! நாம திட்டித் திட்டிச் சாப்பிடுற மெஸ் சோத்துலயே 3 கிராம் இருக்கு பாஸ். அரிசியில லைசின் குறைச்சல், பருப்புல மெத்தியோனின் குறைச்சல். ரெண்டையும் பிசைஞ்சு அடிச்சா ஒண்ணு இன்னொண்ணை ஈடுகட்டிடும். சாம்பார் சாதம் கண்டுபிடிச்ச பாட்டிக்கு நோபல் கொடுக்கலாம்!

இப்போ கிளைமாக்ஸ். டப்பாவுக்காக அவன் வெட்டினது முட்டை, பால், சுண்டல். அந்த மூணுல இருந்த பி.சி.ஏ.ஏ. 5.3 கிராம். ஒரு ஸ்கூப்ல இருக்கிறது 5 கிராம்!

அதாவது, 60 ரூபாயை மிச்சம் பிடிச்சு, 60 ரூபாய் செலவு பண்ணி, ஏற்கெனவே இருந்ததையே திரும்ப வாங்கியிருக்கான். நடுவுல காணாமப் போனது மட்டும் மொத்தமா ஏறக்குறைய 27 கிராம் புரதம். மேஸ்திரியை வேலைக்குக் கூப்பிட, செங்கல் லாரியைத் திருப்பி அனுப்பிட்டான்!

பயிற்சி எடுக்கிற வீரருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2-லேர்ந்து 2 கிராம் வரை புரதம் தேவைன்னு விளையாட்டு மருத்துவ அமைப்புகள் சொல்லுது. 65 கிலோவுக்குக் குறைஞ்சது 78 கிராம். பழைய மெனுவுல அவனுக்குக் கிடைச்சது ஏறக்குறைய 66. ஏற்கெனவே பத்தலை. இப்போ டப்பா புண்ணியத்துல 39-க்கு வந்துட்டான். தினம் ரெண்டு வேளை கபடி பிராக்டீஸ் பண்ற பையன்!

பேப்பரைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். எதுவும் பேசலை. மூடியைத் திறந்து, மூடி, திறந்து... "நீ போட்டது தப்பா இருந்தா?"ன்னான். "செக் பண்ணிக்கோ"ன்னேன். அவன் சிவில். கால்குலேட்டர் எடுத்து ரெண்டு தடவை போட்டுப் பார்த்தான். அப்புறம், "அம்மாகிட்ட எக்ஸாம் ஃபீஸுன்னு சொல்லி வாங்கின காசுடா"ன்னு மட்டும் சொன்னான்.

கடலூர் ஓ.டி. மருந்து!

அந்த ஞாயித்துக்கிழமை அவன்கூட பஸ் ஏறினேன். முதல்ல கடலூர். அண்ணா ஸ்டேடியத்துல அவனோட பழைய டீம் பசங்க பிராக்டீஸ். அங்கேயும் ரெண்டு பேர் பையில டப்பா எட்டிப் பார்த்துச்சு. அப்புறம் ஓ.டி. பக்கம் போய் மீன் வாங்கினோம். கடலூர் முதுநகரைத்தான் 'ஓல்டு டவுன்'னு சுருக்கி ஓ.டி. ஆக்கி வெச்சிருக்கோம். ரேட்டு குறைச்சலா இருக்கிற மத்தி மீன் 100 கிராம்ல சுமாரா 20 கிராம் புரதம், அதுல மூணரை கிராம் பி.சி.ஏ.ஏ. மெனுவுல இதைச் சேர்த்தா அவன் 86 கிராமைத் தொட்டுடுவான். மாங்கோ ஃப்ளேவர் மட்டும் கிடையாது. புளி போட்ட குழம்பு ஃப்ளேவர் உண்டு!

வீட்டுல அவங்கம்மா குழம்பு வெச்சுக் கொட்டக் கொட்டப் பரிமாறினாங்க. திண்ணையில மல்லாட்டை காயுது. எங்க மாவட்டத்துக்கு மல்லாட்டையில தனிப் பெருமை உண்டு. விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல இருந்துதான் வி.ஆர்.ஐ.ங்கிற பேர்ல ரகம் ரகமா வேர்க்கடலை வெளிவந்திருக்கு. நூறு கிராம்ல 25 கிராம் புரதம். அந்தத் திண்ணையில உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைச்சுது. மூட்டை மூட்டையா லூசினை விளைய வெச்சு வித்துட்டு, அந்தக் காசுல அரைக் கால் டப்பா லூசின் வாங்கியிருக்கான் மகன்!

"தம்பி, பையன் என்னமோ மாவு கரைச்சுக் குடிக்கிறானாமே... உடம்புக்கு ஒண்ணும் ஆயிடாதே?"ன்னு அம்மா என்கிட்ட கேட்டாங்க. அவன் சோத்துல இருந்து தலையைத் தூக்கலை. "இல்லம்மா, சத்து மாவுதான். நாங்க பார்த்துக்குறோம்"னு சொல்லிட்டேன். எக்ஸாம் ஃபீஸ் மேட்டரை நான் எடுக்கலை. ஆனா, நாங்க கிளம்பும்போது அவனே சமையக்கட்டுக்குள்ள போய் அம்மாகிட்ட ஏதோ சொன்னான். வெளியே வந்தப்போ அம்மா கண்ணு கலங்கியிருந்துச்சு. கையில பெரிய பை. வறுத்த மல்லாட்டை!

டப்பா பிரியர்களுக்கு அஞ்சு வரி!

இவ்வளவு சொல்லியும் 'வாங்கியே தீருவேன்'ங்கிறவங்களுக்கு:

1. முட்டை, பால், மீன், பருப்பை வெட்டி டப்பா வாங்காதீங்க. சாப்பாட்டுக்கு மேலதான் சப்ளிமென்ட். அந்த வார்த்தைக்கு அர்த்தமே அதுதான்.

2. டப்பாவுல உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுக்கிற 14 இலக்க லைசென்ஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க. அந்த நம்பர் நிஜமான்னும் செக் பண்ணுங்க.

3. பில் கேளுங்க. பில் கொடுக்கத் தயங்குற இடத்துல மருந்து, மாவு எதுவும் வாங்காதீங்க.

4. லேபிள் இல்லாத பொட்டலம், 'ஸ்பெஷல் மிக்ஸ்', 'ஃபாரின் ஐட்டம்' இதெல்லாம் வந்தா ஓட்டமா ஓடிடுங்க. போட்டியில ஆடுறவங்க இன்னும் வேகமா ஓடுங்க.

5. சாப்பிட்டே ஆகணும்னா, பேட்ச் நம்பரோட டப்பாவைப் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. நாளைக்கு ஒரு பிரச்னைன்னா உங்க கையில இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

ரூம்மேட் இப்போ என்ன பண்றான்? டப்பாவைத் தூக்கிப் போடலை. "காசு போட்டாச்சு மச்சான், மனசு வரலை"ன்னு பாதி மிச்சம் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமா முடிச்சான். ஆனா, முட்டையும் பாலும் சுண்டலும் திரும்ப வந்தாச்சு. இந்த மாசம் புது டப்பா வாங்கலை. ஜன்னலோரம் சாமி படத்துக்குப் பக்கத்துல அதே கறுப்பு டப்பாதான் இருக்கு. உள்ளே அம்மா கொடுத்த மல்லாட்டை. இப்பவும் யாரும் தொடக்கூடாது. தொட்டா சாமியாடுறான்!

செலக்‌ஷன்ல அவன் தேறுவானான்னு எனக்குத் தெரியாது. கபடியில கால் வழுக்குறதுக்கு அரை நொடி போதும். ஆனா, கோட்டைத் தாண்டும்போது அவன் உடம்புல ஓடுறது என்னன்னு அவனுக்குத் தெரியும். அது போதும்.

உங்க ரூம் ஜன்னல்லயும் ஒரு டப்பா இருக்கா? இன்னிக்கு ராத்திரி ஒரு பேப்பர், ஒரு பேனா எடுங்க. உள்ளே என்ன போகுது, அதுக்காக எதை வெட்டினீங்கன்னு எழுதிக் கூட்டிப் பாருங்க. டேலி ஆகலைன்னா... எங்க ரூம் பக்கம் வாங்க. ரூம்மேட் தூங்கினதும் ஒரு கைப்பிடி தர்றேன்!

அடுத்த வாரம் சந்திப்போம்!